அரை வீட்டு நரெல்

மட்டன் கோவ் என்ற பெயரைக் கேட்டு யாரும் இலையைப் போட்டு உட்கார வேண்டாம். அங்கே மணலில் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கும் மட்டன் பறவை என்ற கடற்பறவையால் வந்த பெயர் அது. டாஸ்மேனியாவின் வடக்குக் கரையில், வருஷத்தில் பாதி நாள் காற்றும் மீதி நாள் அதைவிடப் பெரிய காற்றும் அடிக்கிற சின்ன ஊர். அந்த ஊரில் நரெல் க்ரப்பைத் தெரியாத ஆள் ஒருவேளை இருக்கலாம். அவள் வீட்டைத் தெரியாத ஆள் கிடையாது.

சாதாரணப் பலகை வீடுதான். இடது பக்கம் மயில் கழுத்து நீலம். வலது பக்கம் ஆறிப்போன கஸ்டர்டின் மஞ்சள். நீலம் மஞ்சளைத் தொடுகிற இடம் வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஒரு பலகையின் நடுவில், பிரஷ் இழுத்த இழுப்போடு அப்படியே நின்றுபோயிருந்தது. பார்க்கிறவர்களுக்கு, பெயிண்ட் அடித்தவர் போன் மணி கேட்டு உள்ளே போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று தோன்றும். ஒன்பது வருஷமாக அப்படியேதான் தோன்றிக்கொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் இதை வீணாக்கவில்லை. யாருக்கு வழி சொன்னாலும் அரை வீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அரை வீட்டுக்கு முன்னால் இடது, அரை வீட்டைத் தாண்டி வலது, அரை வீட்டைப் பார்த்துவிட்டால் ரொம்ப தூரம் வந்துவிட்டாய், திரும்பிப் போ. பஸ் டிரைவர் அந்த நிறுத்தத்தை அப்படித்தான் கூவுவார். தீயணைப்புத் தொண்டர்கள்கூட புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் அந்த வீட்டைத்தான் காட்டுவார்கள்.

பெயிண்ட் ஏன் நின்றது என்று கேட்டால் நரெல் உண்மையைச் சொல்வாள். கதவு ஓரத்தில் ஒட்ட டேப் தீர்ந்துபோயிற்று. டேப் எடுக்கக் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனாள். அங்கே நல்ல நீளமான மரச்சட்டங்கள் கிடந்தன. பார்த்ததும் இதில் ஒரு படகு கட்டினால் என்ன என்று தோன்றியது. கொட்டகைக் கூரை ஒழுகும் என்பதால் படகைக் கூடத்தில் வைத்துக் கட்டினாள். பாதி கட்டியபோது பசை தீர்ந்தது. பசை வாங்க டவுனுக்குப் போனவள் ஒரு வாத்து ஜோடியோடு திரும்பி வந்தாள். அந்தப் பாதிப் படகு இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. துவைத்த துணியை அதில் போட்டு வைப்பார்கள். அவள் கணவன் டேரில் காலையில் எழுந்து, படகுக்குள் குனிந்து, சட்டையைத் தேடி எடுப்பான். அவன் தீவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் நடுவே ஓடுகிற கப்பலில் சமையல்காரன். அசலாக மிதக்கிற கப்பலில் அவன் அவ்வளவு குனிந்தது கிடையாது.

நரெல் சோம்பேறி இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் பிறந்ததிலிருந்து நாற்பத்து நான்கு வயது வரை அந்தப் பட்டம்தான் அவளுக்குக் கிடைத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு டீச்சரும் அவள் அம்மாவிடம் புத்திசாலிப் பெண் என்று ஆரம்பித்து, "ஆனா..." என்று இழுத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். வளர்ந்த பிறகு அவள் வேலை செய்த பேக்கரியில் நிலைமை வேறு. மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுடுகிற பை ஒரு அடுப்பில், ரொட்டி இன்னொரு அடுப்பில், வாசலில் வரிசை, போன் அலறுகிறது, பால்காரன் கத்துகிறான் என்றால் நரெல் ராணி. ஐந்து விஷயம் ஒரே நேரத்தில் தீப்பிடித்தால் ஆறாவதையும் சேர்த்து அணைப்பாள். கடை அடங்கி, ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தால்தான் அவளுக்குக் கை ஓடாது. ஒருமுறை கார் சாவியைக் காணாமல் கடை முழுக்கக் கவிழ்த்துத் தேடினார்கள். மறுநாள் ஒரு வாடிக்கையாளர் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவர் வாங்கிப்போன சிப்பிக்கறி பைக்குள் வெந்திருந்ததாம். நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தார். பை நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

அவள் மகள் பிரையனிக்குப் பதினாறு வயது. பிரையனிக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று சொன்ன டாக்டர் அம்மாதான் நரெலையும் கண்டுபிடித்தார். மகளின் சின்ன வயதுக் கதையைச் சொல்லச் சொன்னார். நரெல் ஒரு கதையை ஆரம்பித்து நடுவில் இன்னொன்றுக்குத் தாவி, அதிலிருந்து வாத்துக்குப் போய், எழுந்து சுவரில் கோணலாக இருந்த படத்தை நேராக்கி, உட்கார்ந்து, டாக்டரின் மேஜை இழுப்பறையில் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியைக் கழற்றி, மாட்டத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நரெல், உங்களை யாராவது எப்பவாவது பரிசோதிச்சுப் பாத்திருக்காங்களா?"

பிரையனி முந்திக்கொண்டாள். "நான் அஞ்சாம் வகுப்புல இருந்து சொல்லிட்டிருக்கேன் டாக்டர். யாரும் கேக்கல."

கவனம் ஒரு இடத்தில் நிற்காத ஏடிஹெச்டி என்று வந்தது. நரெல் காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இழுப்பறைக் கைப்பிடி இன்னும் தன் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள்.

பிரையனிக்கு அரசாங்கத் திட்டத்தில் உதவி கிடைத்தது. தானாகச் சில காரியங்களைச் செய்யப் பழக்க ஒரு பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் உதவி என்று எழுதியிருந்தது. வந்தவன் பெயர் வெஸ்லி பார்ட்ரிட்ஜ். எல்லாருக்கும் வெஸ். கொக்கு மாதிரி உயரம், குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டை, அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாத முகம். கூடத்துக்கு வந்ததும் படகைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. அதன் விளிம்பில் உட்கார இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். டேரிலுக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது.

வெஸ் ஆளுக்கொரு ஆசையைச் சொல்லச் சொன்னான். தங்களால் முடியாமல் கிடக்கிற ஒன்று, முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிற ஒன்று. பிரையனி, போனில் பீட்ஸா ஆர்டர் செய்ய வேண்டும், செய்தபின் உயிரோடு இருக்க வேண்டும் என்றாள். டேரில், சட்டை அலமாரியில் இருந்தால் போதும் என்றான். நரெல் பதினோரு விஷயம் சொன்னாள், அதில் இரண்டு முறை தேனீ வளர்ப்பு வந்தது. வெஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒண்ணு மட்டும்" என்றான்.

நரெல் விரல் விட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தாள். அப்போது பிரையனி சொன்னாள்:

"வீட்டு பெயிண்ட். ஸ்கூல்ல எல்லாரும் என்னை அரை வீட்டுப் பொண்ணுங்கறாங்க."

நரெல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை, கேலி செய்கிறார்களா, யார் அந்தப் பிள்ளைகள் என்று கேட்டாள்.

"கேலி இல்லம்மா. தப்பு. நீலம் பாதிகூட இல்ல, பாதிக்குக் கொஞ்சம் கம்மி. நான் அளந்துட்டேன். அரை வீடுன்னு சொல்றது பொய். எனக்கு அதைத்தான் தாங்க முடியல."

ஆக, வீடு என்று முடிவாயிற்று.

வெஸ் செய்த முதல் காரியம் கொட்டகைக்குப் பூட்டுப் போடச் சொன்னதுதான். நரெலின் வாழ்க்கையில் எல்லாம் கொட்டகைக்குப் போன இடத்தில்தான் முறிந்திருக்கிறது என்று அவன் அரைமணி நேரப் பேச்சிலேயே பிடித்துவிட்டான். அதனால் டேரில் பெயிண்ட், பிரஷ், ஏணி, டேப், துணி எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து அடுக்கினான். டேப் மட்டும் ஒரு மூட்டை. அடுத்து வெஸ், முழுவீட்டைப் பார்க்காதே, இன்றைக்கு ஒரே ஒரு பலகை, அதை முடித்ததும் நிறுத்திக்கொள் என்றான். கடைசியாக, காரிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துவந்து புல்தரையில் விரித்து, வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் அலுவலக வேலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நீங்க என்ன செய்யப்போறீங்க?" என்று நரெல் ஏணியிலிருந்து கேட்டாள்.

"இதான்."

"எது?"

"உக்காந்திருக்கறது."

அதுதான் வைத்தியமாம். பக்கத்தில் ஒரு ஆள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், இவளைப் போன்றவர்களின் மனசு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு இடத்தில் நிற்குமாம். நரெல் நம்பவில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தப் பலகை முழுசாக நீலமாயிற்று. ஒன்பது வருஷத்தில் முதல் பலகை. அவள் இறங்கி வந்து, அதைப் பார்த்துக்கொண்டு, காய்வதற்குள் விரலை வைத்துப் பார்த்து, விரல் பதிந்த இடத்தை மறுபடி பூசினாள்.

பிறகும் அப்படித்தான். வெஸ் உட்கார்ந்தால் பலகை நடக்கும். வெஸ் எழுந்தால் நின்றுவிடும். ஒரு நாள் அவன் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஏணியில் ஆளில்லை. நரெல் தோட்டத்தில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிழங்கு இன்னும் பட்டாணி அளவுதான். ஏன் தோண்டினாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. ஏணி உச்சியிலிருந்து பார்த்தபோது தோண்ட வேண்டும் போலிருந்ததாம். அதற்குப் பிறகு வெஸ், அங்கே வரப் புறப்படுமுன் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டான்.

பிரையனிக்கு ஒரு குறை. "வெஸ் என் பேர்ல வந்தவரு. முக்கால்வாசியை அம்மா சாப்பிட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயிற்சி நடக்காமல் இல்லை. வெஸ் பீட்ஸாக்காரனாக நடிப்பான், அவள் சமையலறையிலிருந்து பொம்மைப் போனில் கூப்பிடுவாள். காளான் பீட்ஸா ஒன்று என்பதுவரை நன்றாகப் போகும். வேறென்ன வேண்டும் என்று வெஸ் கேட்டதும் அவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். உண்மையிலேயே தனக்கு வேறென்ன வேண்டும் என்று யோசிப்பாள். ஒருமுறை கொஞ்ச நேரம் கழித்து, "உலகத்துல சத்தம் குறையணும்" என்றாள். வெஸ் பீட்ஸாக்காரக் குரலிலேயே, அது இன்றைக்கு ஸ்டாக் இல்லை என்றான்.

எதிர்வீட்டு மாரீன் டட்டனுக்கு எழுபது தாண்டியிருக்கும். கணவர் லென் இறந்து இரண்டு வருஷம். மாரீனுக்கு ஜன்னல்தான் உலகம், உலகத்தில் பாதி நரெல் வீடு. யாரோ ஒரு அரைக்கால் சட்டை ஆள் வாரா வாரம் வருகிறான், புருஷன் கப்பலில் இருக்கும் நாளில் வருகிறான், ஏணியில் ஏறி வீட்டுக்காரி வேலை செய்ய, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. மாரீன் பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியாமல் ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார்.

"யாரு கண்ணு அந்த ஆளு?"

நரெல் ஏணியிலிருந்தே சொன்னாள். "வெஸ். எனக்காக உக்கார வர்றாரு."

"உக்கார?"

"ஆமா மாரீன். அவர் உக்காந்தா என்னால வேலை செய்ய முடியுது."

"அதுக்கு யாரு சம்பளம் குடுக்கறா?"

"அரசாங்கம்."

மாரீன் ஸ்கோன் தட்டைப் புல்லில் வைத்துவிட்டார். "நாப்பது வருஷமா நான் லென் பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்த மனுஷன் ஒரு பல்பு மாத்தினதில்ல. எனக்கு ஒரு சல்லிக்காசு எவன் குடுத்தான்?"

வெஸ் திரும்பாமலே, ஸ்கோன் ஒன்று கிடைக்குமா என்று கேட்டான்.

பெயிண்ட் வாசல் கதவைத் தாண்டி ஜன்னலை எட்டியபோது வெஸ் விடுமுறைக்குப் போக வேண்டி வந்தது. நரெல், அவன் இல்லாமல் நடக்காது என்றாள். தான் வராமலே நடக்க வேண்டும், அதுதான் தன் வேலையின் முடிவு என்று வெஸ் சொன்னான். பிரையனி, அப்படியானால் இப்போதே போய்விடலாமே என்று அக்கறையாகக் கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, தான் இல்லாத நாட்களில் யார் உட்காருவது என்று குடும்பமே சேர்ந்து யோசிக்கச் சொன்னான். மடக்கு நாற்காலியையும் அங்கேயே விட்டுவைத்தான். உட்காருகிறவருக்கு ஒரே ஒரு சட்டம். வேலையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் டேரில் உட்கார்ந்தான். கப்பல் முழுக்கச் சமைத்து அலுத்து வந்தவன், நாற்காலியில் சாய்ந்ததும் குறட்டை விட்டான். வாய் திறக்கக் கூடாது என்ற சட்டம் குறட்டைக்குப் பொருந்துமா என்று யாருக்கும் தெரியவில்லை. நரெலின் கவனம் குறட்டையின் ஏற்ற இறக்கத்தில் போய், பலகையோடு சேர்த்து ஜன்னல் கண்ணாடியையும் நீலமாக்கிவிட்டாள். சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த பிரையனி, சூரிய கிரகணமா என்று வெளியே வந்து பார்த்தாள்.

அடுத்து பிரையனி. அவள் சட்டத்தை மதித்தாள். வாய் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொட்டு கீழே விழும்போதும் கையை உயர்த்தி அந்தச் சொட்டைச் சுட்டிக்காட்டினாள். நரெல் பத்து சொட்டு பொறுத்துக்கொண்டாள். பிறகு ஏணியில் உட்கார்ந்து, நீ உள்ளே போய்விடு தாயே என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவதாக மாரீன் தானே தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. பெயிண்ட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று நரெல் சொன்னாள். சரி என்றார். பேசவும் இல்லை. தன் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசினார். மயக்க மருந்து கொடுத்தவரின் மீசையிலிருந்து ஆரம்பித்து, ஆஸ்பத்திரிச் சூப்பைத் தொட்டு, பழைய எலும்பை என்ன செய்தார்கள் என்ற இடத்துக்கு வரவே மதியமாயிற்று. நரெலுக்கு இறங்க வழியில்லை. இறங்கினால் மாரீனின் முகத்தைப் பார்த்து, தலையாட்டி, கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏணியில் இருக்கும்வரை தப்பிக்கலாம். அதனால் அவள் பூசினாள். இடுப்பு முடிந்து முழங்கால் தொடங்கியபோது ஜன்னல் ஓரம் முடிந்திருந்தது. மாரீனின் தங்கை மருமகளின் விவாகரத்துக் கதை ஓடிய அன்று பக்கச் சுவரே முடிந்தது.

விடுமுறை முடிந்து வந்த வெஸ், காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மாரீனிடம், இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று கேட்டான்.

"நான் வாயே திறக்கலப்பா" என்றார் மாரீன்.

கடைசிப் பலகை வந்த நாள் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. ஒரு முழம் மஞ்சள் மட்டும் மிச்சம். நரெல் பிரஷைத் தோய்த்தாள். கையைத் தூக்கினாள். அப்படியே நின்றாள். கொட்டகைக்குப் போக வேண்டும் போல இருந்தது. கொட்டகையில் எதுவும் வேண்டாம், ஆனாலும் போக வேண்டும்.  தான் ஒரு காரியத்தை முடித்த பிறகு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இடத்தில் அவள் இருந்ததே இல்லை. எல்லாரும் வந்து பார்த்து, கோணலாக இருக்கிறது, திட்டுத்திட்டாக இருக்கிறது என்பார்கள். பாதியில் கிடக்கிறதை யாரும் குறை சொல்ல முடியாது, அதுதான் இன்னும் முடியவில்லையே.

இதை அவள் வெஸ்ஸிடம் சொன்னாள். அவன் நாற்காலியை முதன்முதலாக வீட்டுப் பக்கம் திருப்பிப் போட்டான்.

"திட்டுத்திட்டாத்தான் இருக்கு" என்றான். "நான் வந்த நாள்ல இருந்து அப்படித்தான் இருக்கு. அடிங்க."

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்ததில் பிரஷ் ஆடி, கடைசிப் பலகை எல்லாவற்றையும்விடத் திட்டாக அமைந்தது. ஆனால் மஞ்சள் போய்விட்டது. பிரையனி வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து, "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த இரண்டு சொல்லை நரெல் வாரம் முழுக்க பேக்கரியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டேரில் கப்பலிலிருந்து இறங்கிக் காரில் திரும்பினான். நரெல் வாசலில் நின்று கையசைத்தாள். டேரில் அவளுக்குக் கையசைத்துவிட்டு, யாரோ தெரிந்த பெண்மணி என்ற பாவனையோடு, வீட்டைத் தாண்டிப் போய்விட்டான். தெருக்கோடி போய், கடலைப் பார்த்து, திரும்பி, மெதுவாக ஊர்ந்து வந்து நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி, வெகுநேரம் வீட்டையே பார்த்தான்.

"அரை வீட்டுக்கு அடுத்த வீடுன்னு நெனச்சேன்" என்றான்.

தொல்லை அங்கிருந்துதான் ஆரம்பித்தது. டேரிலுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள். குழாய் பழுதுபார்க்க வந்தவன் ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனான். வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்கள், அரை வீட்டைத் தேடித் தேடிக் கடைசியில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் நுழைந்து, மெழுகுவர்த்தி அணைக்கும்போது கறுப்புக் கோட்டுகளோடு கைதட்டினார்கள். பஸ் டிரைவர் மட்டும் அசையவில்லை. அவர் அதே இடத்தில் அரை வீடு என்றே கூவினார். இறங்கியவர்கள் நின்று இரு பக்கமும் பார்த்தார்கள்.

ஊர் மன்றத்தில் யாரோ ஒருவர், மறுபடியும் பாதிக்கு மஞ்சள் அடிக்க முடியுமா, பெயிண்ட் செலவு ஊர் ஏற்கும் என்று நரெலிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தார். நரெல் எதற்கும் மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாதவள். சரி என்று சொல்லிவிட்டு மறந்துபோவதுதான் அவள் வழி. அன்றைக்கு அவள் ஒரு தட்டு சிப்பிக்கறி பையை அவர் கையில் கொடுத்து, முடியாது என்றாள். கொடுத்த பைக்குப் பணமும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம்தான் மாரீனுக்குப் புது சாய்வு நாற்காலி வர வேண்டியிருந்தது. இடுப்புக்கு இதமாக, பொத்தானை அழுத்தினால் எழுப்பி நிறுத்துகிற நாற்காலி. வண்டிக்காரன் ஊருக்குள் எங்கேயோ நின்றுகொண்டு போன் பண்ணினான். மாரீன் அப்போது நரெல் வீட்டில் படகு விளிம்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அரை வீட்டுக்கு எதுத்தாப்ல தம்பி. அரை வீடு. நீலம் பாதி, மஞ்சள்... இல்ல, இப்ப முழுசா நீலம். ஆனா அரை வீடுதான். தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. யாருமே இல்லையா? நீ எங்க நிக்கற? ஒரு மரமா? எந்த மரம்?"

பிரையனி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்தாள். மாரீன் மறுபடி அரை வீடு என்றபோது, அவர் கையிலிருந்து போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். நரெல் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது.

"வணக்கம். என் பேரு பிரையனி. அவங்க சொல்றது பழைய தகவல். நீங்க நிக்கற இடத்துல தண்ணி வாசனை வருதா, மீன் வாசனை வருதா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். "மீன்னா வண்டியைத் திருப்புங்க. சர்ச் வரும். சர்ச்சுக்கு அப்புறம் ரெண்டாவது தெருவுல வலது பக்கம். கதவு பச்சை. கதவுல பாதி எல்லாம் இல்ல, முழுப் பச்சை. வேற எதாவது வேணுமா உங்களுக்கு?"

அவன் வேண்டாம் என்றிருக்க வேண்டும். அவள் போனை மாரீனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய், போர்வைக்குள் புகுந்துகொண்டாள். நரெல் பின்னாலேயே ஓடினாள். கதவருகே போனதும் வெஸ் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து, தொடாமல், கொஞ்சாமல், தரையில் சும்மா உட்கார்ந்துகொண்டாள். அவள் மனசுக்குள் ஆயிரம் வார்த்தை முட்டியது. வாயில் விரலை வைத்துக் கடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவர் கேட்டதுக்குச் சரியான பதில் ஒண்ணுதாம்மா இருந்துச்சு. பீட்ஸாக்காரனும் அப்படிக் கேட்டா எனக்கென்ன பயம்?"

அன்று சாயங்காலம் டேரிலே பீட்ஸா ஆர்டர் செய்தான். பிரையனி பக்கத்தில் நின்று, வேறென்ன வேண்டும் என்ற கேள்வி வரும்போது ஒன்றுமில்லை என்று சொல்லும்படி அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவன் பூண்டு ரொட்டி என்று சொல்லிவிட்டான்.  அடுத்த மாதம் பிரையனியே கடையைக் கூப்பிட்டாள். காளான் பீட்ஸாவோடு பூண்டு ரொட்டியும் வந்தது.

மாரீனின் நாற்காலி வந்து சேர்ந்த சில நாட்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நரெலின் வேலியருகே வந்து நின்றார். கையில் ஸ்கோன் இல்லை. வானிலையைப் பற்றிப் பேசினார். வாத்துகளின் உடல்நலம் விசாரித்தார். பிறகு வேலிக்கம்பியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"லென்னோட காரேஜ் அப்படியே கெடக்குது. கதவைத் திறப்பேன், மூடிருவேன். ரெண்டு வருஷமா அதான். உனக்கு வேற சோலி இல்லன்னா... சும்மா வந்து உக்காரு. நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

நரெல் வெஸ்ஸின் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

மகளின் அறை வாசலைத் தவிர அவள் வாழ்க்கையில் அதுவரை எங்கேயும் சும்மா உட்கார்ந்ததில்லை. கால் ஆடியது. கண் காரேஜ் முழுக்க ஓடியது. லென் எதையும் தூக்கிப்போடாத மனுஷன். துடுப்புகள், உடைந்த ரேடியோக்கள், பெட்டி பெட்டியாக ஒற்றைக் கையுறைகள், எல்லாம் இடது கை. மூலையில் பளபளவென்று மரச்சட்டங்கள். நரெல் அவற்றைப் பார்த்தாள். நாற்காலியை அந்தப் பக்கம் பார்க்காதபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மாரீன் முதல் பெட்டியைத் திறந்து, ஒரு கையுறையை எடுத்து, தன் கையில் மாட்டிப் பார்த்தார். அவருக்கு அது ரொம்பப் பெரிதாக இருந்தது. அப்படியே நின்றார். நரெலால் தாங்க முடியவில்லை.

"ஏன் மாரீன், எல்லாம் இடது கையா இருக்கே, வலது கையெல்லாம் எங்க போச்சு?"

"வேலையைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னு உன் ஆளு சொல்லலையா?"

"சொன்னாரு."

"அப்ப மூடிட்டு உக்காரு."

நரெல் மூடிக்கொண்டாள். மாரீன் மூக்கை உறிஞ்சிவிட்டு, கையுறையைக் கழற்றி, தூக்கிப்போடும் பைக்குள் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் போட்டார். சற்று நேரம் கழித்து, அந்த மனுஷன் வலது கையுறையை எல்லாம் படகிலிருந்து கடலில் தவறவிடுவான், மீனைப் பிடிக்கிற கை அதுதானே என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அதிலிருந்து அவர்கள் தேனிலவுக்குப் போன படகுக்குப் போனார், படகிலிருந்து வாந்திக்கு, வாந்தியிலிருந்து மாமியாருக்கு. பை நிறைந்துகொண்டே வந்தது. நரெல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.